பசித்தால் உன்னிடமா கேட்பேன்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் சங்கீதம் 51 பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒவ்வொன்றும் நாலு பக்கம். ஆகவே இந்த மாதம் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை. எபிரெயப் பாட்டுக்காரர்கள், பலி, ஜெபம், வாய், மனசு, இவ்வளவுதான். 'சங்கீதம்' என்று நான் எழுதுமிடத்தில் கத்தோலிக்க வாசகர்கள் 'திருப்பாடல்' என்று படித்துக்கொள்ளலாம். வரிகளைப் பெரும்பாலும் என் சொந்தத் தமிழில் தருகிறேன். வீட்டில் இருக்கும் வேதாகமத்தோடு வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப் பார்த்துச் சண்டைக்கு வர வேண்டாம்.

கேள்வி: அம்மா, சங்கீதம் 51இல் 'பலி உமக்கு வேண்டாம், நொறுங்கிய மனமே பலி' என்று பாடுகிறார் தாவீது. இரண்டு வசனம் தள்ளி, 'உம் பலிபீடத்தில் காளைகளைப் படைப்பார்கள்' என்று முடிக்கிறார். பாடினவருக்கே மறந்துவிட்டதா? (ஒரு கல்லூரி மாணவி)

பதில்: மறக்கவில்லை மகளே. உன்னை உறுத்தியது 12ஆம் நூற்றாண்டிலேயே ஆட்களை உறுத்தியிருக்கிறது. ஆபிரகாம் இபன் எஸ்ரா என்று ஸ்பெயின் நாட்டு யூத உரைகாரர் ஒருவர். இந்தப் பாட்டுக்கு உரை எழுதும்போது, தன் நாட்டு அறிஞர் ஒருவர் சொன்னதாக ஒரு கருத்தைக் குறித்துவைக்கிறார்: கடைசி இரண்டு வசனங்களைப் பாபிலோனில் இருந்த பக்தர் ஒருவர் பின்னால் சேர்த்தாராம். ஏன் அப்படித் தோன்றியது என்பதற்குக் காரணம் அந்த வரிகளிலேயே இருக்கிறது. 'எருசலேமின் மதில்களைக் கட்டும்' என்று கேட்கிறது பாட்டு. நின்றுகொண்டிருக்கிற மதிலை யாராவது கட்டச் சொல்லிக் கேட்பார்களா? கி.மு. 586இல் பாபிலோன் படை நகரை இடித்தது, கோயிலை எரித்தது. அதற்குப் பிறகு எங்கோ தூர தேசத்தில் உட்கார்ந்து இந்தப் பாட்டைப் பாடிய ஒருவர், அடக்க முடியாமல் தன் ஏக்கத்தையும் அடியில் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள். இக்கால ஆய்வாளர்கள் பலரும் இந்தப் பக்கம்தான் சாய்கிறார்கள்.

எனக்கு அதில் பிடித்தது வேறு. சேர்த்தவர் யாராக இருந்தாலும், மேலே இருந்த 'பலி வேண்டாம்' என்ற வரியில் கை வைக்கவில்லை. அவருக்குப் பலிபீடம் திரும்ப வேண்டும், காளைகள் வேண்டும், புகை வேண்டும். ஆனாலும் தனக்கு இடைஞ்சலான வரியை அப்படியே விட்டுவைத்தார். பின்னால் படியெடுத்தவர்களும் இரண்டில் ஒன்றை நறுக்கவில்லை. இடிக்கிற இரண்டு வரிகளையும் ஒரே பாட்டில் வைத்து இத்தனை நூற்றாண்டாகப் பாடிவருகிறார்கள்.

இன்னொன்றையும் கவனி. பாட்டின் தலைப்பு, நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் வந்த சமயத்தைச் சொல்கிறது. பத்சேபாள் விஷயம். அவள் புருஷன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திச் சாகடித்த விஷயம். பலி விதிகளைச் சொல்லும் லேவியராகமத்தில் பாவநிவாரண பலி பெரும்பாலும் யாருக்கு என்று பார்த்தால், அறியாமல் தவறினவனுக்கு. திட்டம் போட்டு ஒருவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனையும் கொன்றவனுக்கு அந்தப் புத்தகத்தில் ஆடு கிடையாது. 'பலியை நீர் விரும்பினால் கொடுத்திருப்பேனே' என்ற வரியை அந்தத் தலைப்போடு சேர்த்துப் படி. அரசன், மந்தைக்கா பஞ்சம்? கொடுத்துத் தீர்க்க முடிகிற கடனாக இருந்தால் அன்றைக்கே தீர்த்திருப்பான். கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துபோன ஒரு பணக்காரனின் குரலாகத்தான் எனக்கு அந்த வரி கேட்கிறது.

கேள்வி: சடங்கையே ஒழிக்கக் கிளம்பிய கலகக்காரர்கள்தான் இந்தக் கவிஞர்களும் தீர்க்கதரிசிகளும் என்று ஒரு நூலில் படித்தேன். சரியா? (ஒரு நூலகர்)

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாட்டு எங்கே பாடப்பட்டது என்று பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது.

சங்கீதம் 50ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பலியைக் கிண்டல் செய்வதில் அதை மிஞ்சிய பாட்டு இல்லை. கடவுள் பேசுகிறார்: உன் தொழுவத்திலிருந்து எனக்குக் காளை வேண்டாம். காட்டு விலங்கெல்லாம் என்னுடையவை, ஆயிரம் மலைகளில் மேய்கிற மாடுகளும் என்னுடையவை. எனக்குப் பசித்தால் உன்னிடமா கேட்பேன்? நான் என்ன காளைக் கறி தின்பேனா, ஆட்டு ரத்தம் குடிப்பேனா?

இதன் காரம் தெரிய வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக் கதை ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். மெசபத்தோமியாவின் கில்கமேஷ் காவியத்தில் வெள்ளம் வடிந்ததும் தப்பிப் பிழைத்தவன் பலி கொடுக்கிறான். வாசனை பிடித்த தெய்வங்கள் அவனைச் சுற்றி ஈக்களைப் போல மொய்க்கின்றன. ஈக்கள் என்பது என் உவமை அல்ல, களிமண் பலகையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. தெய்வத்துக்குப் பசிக்கும், மனிதன்தான் சோறு போட வேண்டும் என்று நம்பிய உலகம் அது. சோறு போடுகிறவனுக்குக் கொஞ்சம் மிதப்பு வரத்தானே செய்யும்? அந்த மிதப்பைத்தான் இந்தப் பாட்டு உடைக்கிறது.

சரி, இதைப் பாடியது யார்? தலைப்பில் ஆசாப் என்று இருக்கிறது. நாளாகமத்தின்படி ஆசாப் கோயில் ஊழியம் செய்யும் லேவியர் குலத்தவர், பாடகர் குழுத் தலைவர். அவர் வம்சத்தாரும் அதே வேலையில்தான் இருந்தார்கள். அதாவது கோயில் சம்பந்தப்பட்ட ஆளே கோயிலில் நின்று பாடுகிறார். 8ஆம் வசனமும் தெளிவாக இருக்கிறது: 'உன் பலிகளுக்காக நான் உன்னைக் கண்டிக்கவில்லை, உன் தகனபலிகள் எப்போதும் என் முன் இருக்கின்றன.' பலி ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. புகார் வேறு இடத்தில். 16ஆம் வசனத்தில் குரல் மாறுகிறது. 'என் சட்டங்களை ஒப்பிக்க உனக்கு என்ன உரிமை?' திருடனைக் கண்டால் கூட்டுச் சேருகிறாய், உட்கார்ந்து சொந்தச் சகோதரனைப் பற்றிப் புறம் பேசுகிறாய். நான் சும்மா இருந்தேன், நானும் உன்னைப் போன்றவன் என்று நினைத்துவிட்டாய். இந்தக் கடைசி வரிக்கு என்னிடம் உரை இல்லை. படித்தவுடன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

இன்னொரு ஆதாரம். பாபிலோன் படை எரித்த கோயிலுக்குப் பதிலாகப் பின்னால் எழுந்த இரண்டாம் ஆலயத்தில் லேவியர் எந்தக் கிழமை எந்தச் சங்கீதம் பாடினார்கள் என்று, மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் தாமீத் என்ற பகுதி பட்டியல் தருகிறது. தினசரிப் பலி முடிந்து திராட்சரசம் ஊற்றும் நேரத்தில் பாட்டு. ஞாயிறன்று 24: 'கர்த்தரின் மலையில் யார் ஏறுவான்? கை சுத்தமும் மனத் தூய்மையும் உள்ளவன்.' செவ்வாயன்று 82: 'எதுவரைக்கும் அநியாயமாய்த் தீர்ப்பு சொல்லுவீர்கள்? ஏழைக்கும் அநாதைக்கும் நியாயம் செய்யுங்கள்.' பலிபீடத்தில் ஆட்டுக்குட்டி வெந்துகொண்டிருக்கும்போது, அருகே நின்று பாடகர்கள் 'உன் கை சுத்தமா?' என்று கேட்கிறார்கள். இதைக் கலகம் என்று சொல்லலாம்தான். ஆனால் சம்பளம் கொடுத்து, முறை வைத்து, கோயிலே நடத்திய கலகம்.

ஓசியா தீர்க்கதரிசியின் 'பலியை அல்ல, அன்பையே விரும்புகிறேன்' என்ற வரியைத்தான் கலகக் கட்சியினர் அதிகம் எடுத்துக்காட்டுகிறார்கள். பாதி வரியை மட்டும். எபிரெயக் கவிதை ஜோடி ஜோடியாக நடக்கும்; முதல் அடி சொன்னதை இரண்டாம் அடி திருப்பிச் சொல்லித் திருத்தும். 1753இல் ராபர்ட் லவுத் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இதை விளக்கி எழுதிய பிறகு மேற்கிலும் எல்லாரும் கவனிக்க ஆரம்பித்தார்கள். ஓசியாவின் இரண்டாம் அடி: 'தகனபலிகளைவிடக் கடவுளை அறிவதையே.' முதல் அடியில் 'அல்ல', இரண்டாம் அடியில் 'விட'. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் வசனம். 'அன்பு' என்று நான் எழுதிய இடத்தில் இருக்கும் சொல் ஹெசெத். கொடுத்த வாக்குக்கும் உறவுக்கும் விசுவாசமாக நடப்பது, அதற்கு மேலும் ஒரு படி இரக்கம் காட்டுவது எல்லாம் அதில் அடக்கம். ஒற்றைத் தமிழ்ச் சொல் எனக்கு அகப்படவில்லை. தேடி அலுத்துவிட்டேன்.

கேள்வி: 'உங்கள் பாட்டுச் சத்தத்தை அப்புறப்படுத்துங்கள்' என்கிறாரே ஆமோஸ். நான் 19 வருஷமாகப் பாடகர் குழுவில் இருக்கிறேன். பயமாக இருக்கிறது. (ஒரு வாசகி)

பதில்: சுதி தப்பிப் பாடியதற்காக அவர் கோபப்படவில்லை, நிம்மதியாக இருங்கள். ஆமோஸ் தெற்கே தெக்கோவா ஊர்க்காரர். மந்தை மேய்த்து, காட்டத்தி மரங்களைக் கவனித்துப் பிழைத்தவர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வடக்கே பெத்தேல் கோயிலுக்குப் போய் நின்று பேசினார். அங்கே வந்து பாடியவர்கள் யார் என்று எட்டாம் அதிகாரத்தில் சொல்கிறார்: 'அமாவாசை எப்போது முடியும், தானியம் விற்கலாமே? ஓய்வுநாள் எப்போது கழியும், மூட்டையைப் பிரிக்கலாமே?' என்று பண்டிகை நடுவிலேயே முணுமுணுக்கிறவர்கள். தானியம் அளக்கிற எப்பாவைச் சிறிதாக்கி, வாங்குகிற காசை நிறுக்கும் சேக்கல் எடைக்கல்லைப் பெரிதாக்கி, கோதுமையின் பதரையும் சேர்த்து விற்கிறவர்கள். ஏழையிடம் அடகு பிடித்த போர்வையை விரித்துப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள் என்று இன்னொரு இடத்தில் வருகிறது. இந்தக் காட்சி ஒன்று போதும், மிச்சம் எல்லாம் விளங்கிவிடும்.

'நியாயம் தண்ணீரைப் போலப் புரளட்டும், நீதி வற்றாத ஆறு போல' என்ற புகழ்பெற்ற வரி, ஐந்தாம் அதிகாரத்தில் நீங்கள் பயந்த அந்தப் பாட்டுச் சத்த வரிக்கு அடுத்தாற்போல வருகிறது. அந்த ஊர் ஓடைகள் மழைக்கு ஓடி, கோடையில் காய்ந்து கல்லாகக் கிடப்பவை. பண்டிகைக்குப் பண்டிகை பொங்கிவிட்டு இடையில் வறண்டுபோகும் பக்தியைப் பார்த்தவர், வற்றாத ஓடை வேண்டும் என்று கேட்கிறார்.

அப்புறம் ஒரு வேடிக்கை. அதே ஐந்தாம் அதிகாரம் ஒப்பாரியாகத்தான் தொடங்குகிறது. முன்னடி நீண்டு பின்னடி குறுகும் சாவுப் பாட்டுச் சந்தம். 'விழுந்தாள், இனி எழமாட்டாள்' என்று உயிரோடு இருக்கும் தேசத்துக்கு இழவுப் பாட்டுப் பாடுகிறார். பாட்டை நிறுத்து என்றவரும் பாட்டை விடவில்லை.

கேள்வி: வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து தினமும் விடியற்காலையில் சங்கீதம் வாசிக்கிறேன். வாய் வாசிக்கிறது, மனம் மகனுடைய கடனைக் கணக்குப் பார்க்கிறது. இப்படி வாசிப்பதைவிட நிறுத்திவிடுவதுதானே நேர்மை? (ஒரு வாசகர்)

பதில்: நிறுத்தாதீர்கள் ஐயா. ஏன் என்று சொல்வதற்கு முன் உங்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஏசாயா 29:13 உங்களைத்தான் குத்துகிறது: 'இந்த ஜனங்கள் வாயால் என்னை நெருங்குகிறார்கள், உதட்டால் மதிக்கிறார்கள், மனமோ எனக்குத் தூரம்.' தொடர்ந்து, அவர்களுடைய பக்தி மனிதர்கள் கட்டளையிட்டுப் 'பழக்கிய' பக்தி என்கிறார். அந்தச் சொல் மெலுமாதா. இதே சொல் ஓசியா 10:11இல் ஒரு கிடாரிக்கு வருகிறது: கதிரை மிதித்துப் போரடித்துப் பழகிய, போரடிப்பதை விரும்புகிற கிடாரி. மாட்டை ஓட்டும் தார்க்கோலுக்கும் இதே வேரிலிருந்துதான் பெயர். களத்தில் ஒரு தடவை சுற்ற விட்டால் போதும், ஓட்டுகிறவன் தூங்கினாலும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். நமக்குச் செக்குமாடு என்றால் புரியும். ஏசாயாவுக்குக் கோபம் வந்தது அந்தச் சுற்றலைப் பார்த்து.

எனக்கும் அந்தக் கிடாரியைத் தெரியும். சின்ன வயதில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் 51ஆம் சங்கீதத்தை ஒப்பித்தால்தான் அப்பா தட்டைத் தொட விடுவார். 19 வசனத்தையும் மூன்றே மூச்சில் முடிப்பேன். நொறுங்குண்டதும் நருங்குண்டதும் எல்லாம் எனக்குக் குழம்பு வாசனைதான்.

இனி ஏன் நிறுத்த வேண்டாம் என்பதற்கு வருகிறேன். மனம் என்று நாம் மொழிபெயர்க்கும் எபிரெயச் சொல் லேவ். உருகுவது, கண் கலங்குவது மட்டுமல்ல அதன் வேலை. யோசிப்பதும் முடிவெடுப்பதும்கூட அதற்குள்தான். நீதிமொழிகளில் 'லேவ் இல்லாதவன்' என்றால் கல்நெஞ்சன் என்று பொருள் இல்லை, புத்தி கெட்டவன். உணர்ச்சியைச் சொல்ல அவர்கள் அடிவயிற்றுக்குப் போவார்கள். எரேமியா இதே குற்றச்சாட்டைச் சொல்லும்போது, 'அவர்கள் வாய்க்கு நீர் பக்கம், அவர்கள் சிறுநீரகங்களுக்குத் தூரம்' என்கிறார். ஆக, வாசிக்கும்போது உங்களுக்கு உருக்கம் வரவில்லை என்பதற்காக லேவ் தூரத்தில் இருக்கிறது என்று தீர்மானிக்க வேண்டாம். மகன் கடனை எப்படி நேர்மையாக அடைப்பது என்று யோசிக்கிறது என்றால் அது சரியான இடத்தில்தான் இருக்கிறது. கடன் கொடுத்தவனுக்கு எப்படி டிமிக்கி கொடுப்பது என்று யோசித்தால் சங்கீதம் 50:16ஐ மறுபடி பாருங்கள்.

மனம் ஓடும் சிக்கல் பழையது. யூத ஆசிரியர்கள் இதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள்: கேவா, கவனா. கேவா என்றால் வேளை தவறாத, மாறாத முறை. கவனா என்றால் மனத்தைக் குறிவைத்தல். நம்முடைய 'கவனம்' போலவே ஒலிக்கிறது. உறவெல்லாம் இல்லை, ஒலி ஒற்றுமைதான். 'தன் ஜெபத்தைக் கேவா ஆக்கிக்கொண்டவனுடைய ஜெபம் மன்றாட்டு ஆகாது' என்கிறார் ரபி எலியேசர், மிஷ்னாவில். அதற்கு அடுத்த அதிகாரமே, பழைய பக்தர்கள் ஜெபத்துக்கு முன் ஒரு மணி நேரம் சும்மா இருந்து மனத்தைத் திருப்புவார்கள் என்று சொல்கிறது. ஒரு மணி நேரம்! நேராக ஜெபத்தில் இறங்கினால் மனம் ஓடும் என்று அவர்களுக்கும் தெரிந்துதானே இருந்திருக்கிறது. அப்படியிருந்தும் அந்த ஆசிரியர்கள் யாரும் வேளை குறித்த ஜெபத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. அவர்களுடைய முக்கியமான ஜெபம் நின்றுகொண்டு சொல்லும் அமீதா. அதற்கு வாசற்படியாக எந்த வரியை வைத்தார்கள் தெரியுமா? 'ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும்.' 51ஆம் சங்கீதத்து வரி. உதட்டைத் திறக்கக்கூட உதவி கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

என் அம்மா கடைசியாகக் கிடந்த இரவில் எனக்குச் சொந்தமாக ஒரு சொல் வரவில்லை. எபிரெயம், இலக்கணம், ஆய்வு ஒன்றும் வரவில்லை. அப்பா சோற்றுக்கு முன் ஒப்பிக்கச் சொன்னதுதான் வந்தது. மனம் ஒன்றியா சொன்னேன் என்று கேட்டால், இல்லை. வாய் சொன்னது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த இரவுக்குப் பிறகு நான் கிடாரியை அதிகம் திட்டுவதில்லை.

கேள்வி: எபிரெயத்தில் படித்ததால் தமிழில் கிடைக்காத எது உங்களுக்குக் கிடைத்தது? ஒரே ஓர் உதாரணம் போதும். (ஓர் ஆசிரியர்)

பதில்: ஒரு தப்பு கிடைத்தது.

52 வயதில் எழுத்துக் கூட்ட ஆரம்பித்தேன். எபிரெயத்தில் யோத் என்ற எழுத்து மேலே தொங்கும் ஒரு சின்னக் கீற்று. அதே கீற்றைக் கீழே வரை இழுத்தால் வாவ். பூதக்கண்ணாடி இல்லாமல் எனக்கு இரண்டும் ஒன்றுதான். 69ஆம் சங்கீதத்தில் 30ஆம் வசனத்தை வீட்டுப்பாடமாக எழுதிக்கொண்டு போனேன். 'கடவுளின் பெயரை மாட்டால் துதிப்பேன்' என்று எழுதியிருந்தேன். ஷீர் என்றால் பாட்டு. ஷோர் என்றால் மாடு. நடு எழுத்தில் யோத் இருந்த இடத்தில் நான் வாவ் பார்த்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்தவர் மேசையில் தட்டிச் சிரித்தார். எனக்குக் காது சிவந்துவிட்டது. அப்புறம் அவர் 'அடுத்த வசனத்தைப் படியுங்கள்' என்றார். படித்தேன். 'அது கர்த்தருக்கு மாட்டைவிட, கொம்பும் குளம்புமுள்ள காளையைவிடப் பிரியமாயிருக்கும்.' அங்கே நிஜமாகவே ஷோர்!

கவிஞர் வேண்டுமென்றே செய்திருக்கிறார். பாட்டையும் மாட்டையும் பக்கத்துப் பக்கத்து வசனத்தில் நிறுத்தி, ஒரு கீற்று வித்தியாசத்தில் ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்கிறார். நான் தடுக்கி விழுந்த இடம் அவர் வெட்டிவைத்த பள்ளம். தமிழில் பாட்டுக்கும் மாட்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பது அன்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. எழுந்து விளக்கைப் போட்டு எழுதிவைத்தேன். இந்தச் சிலேடை இவ்வளவு சுத்தமாக வந்து உட்காரும் இன்னொரு மொழியை நான் பார்க்கவில்லை. பார்த்தது மூன்று மொழிதான் என்பது வேறு விஷயம்.

கொம்பும் குளம்பும் எதற்கு என்றால், கொம்பு முளைத்தது வளர்ந்த மாடு. விரிகுளம்பு, பலிக்கு ஆகும் சுத்தமான மிருகத்தின் அடையாளம். எந்தக் குறையும் சொல்ல முடியாத முதல் தரக் காளை. அதை எதிரில் நிறுத்திவிட்டுத்தான் பாட்டு மேல் என்கிறார். நோஞ்சான் மாட்டோடு ஒப்பிட்டு ஜெயிக்கவில்லை.

கேள்வி: 'ஸ்தோத்திர பலி' என்றால் வெறும் நன்றிப் பாட்டா, உண்மையிலேயே பலியா?

பதில்: எபிரெயச் சொல் தோதா. இரண்டும்தான் பொருள், சங்கீதம் 50:14 வேண்டுமென்றே இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பலியாகக் கொடுத்தால் விதி இது: மிருகத்தோடு ரொட்டிகளும் வர வேண்டும், மிஷ்னா கணக்கில் 40. நாலு வகை, வகைக்குப் பத்து. வகைக்கு ஒன்றாக நாலு ஆசாரியருக்கு. மிச்சம் 36 ரொட்டியும் கறியும் கொடுத்தவருக்கு. ஆனால் லேவியராகமம் 7:15இன்படி கறியை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. ஒரு குடும்பம் ஒரு நாளில் தின்று தீர்க்கிற அளவா அது? ஆள் கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிட்டால் எதற்கு இந்த விருந்து என்று கேட்பார்கள், கதையைச் சொல்லியாக வேண்டும். சடங்கு வெறும் சடங்காகிவிடாமல் விதியே பார்த்துக்கொள்கிற இடம் இது. சடங்கு என்றாலே முகம் சுளிக்கும் நண்பர்களிடம் இந்த 36 ரொட்டியைத்தான் நான் முதலில் எடுத்து வைப்பேன்.

கேள்வி: கோயிலும் இல்லை, பலியும் இல்லை. யூதர்கள் இந்த வசனங்களை இன்று என்ன செய்கிறார்கள்?

பதில்: கி.பி. 70இல் ரோமர் இரண்டாம் ஆலயத்தை அழித்தார்கள். இடிபாட்டைப் பார்த்து ரபி யெகோசுவா, 'நம் பாவம் தீர்ந்த இடம் போய்விட்டதே' என்று அழுதாராம். அவருடைய ஆசிரியர் யோகனான் பென் சக்காய், 'அதற்குச் சமமான இன்னொன்று இருக்கிறது, ஹெசெத் செய்வது' என்று சொல்லி, முன்னால் பார்த்த ஓசியா வரியையே எடுத்துக்காட்டினார். கோயில் நின்றபோது கண்டிப்பாக ஒலித்த வரி, கோயில் போனபின் ஆறுதலாக மாறியது. ஒரே வரிதான்.

இன்றைக்கும் பாவநிவாரண நாளான யோம் கிப்பூரில் சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூட இல்லாமல் விரதம் இருக்கிறார்கள். அன்று காலை ஜெப ஆலயத்தில் தீர்க்கதரிசன வாசிப்பு ஏசாயாவிலிருந்து; நடுநாயகமாக வருவது 58ஆம் அதிகாரம். 'நாணலைப் போலத் தலையைக் குனிந்துகொள்வதா விரதம்? பசித்தவனுக்கு உன் ரொட்டியைப் பிட்டுக் கொடு, வீடற்றவனை வீட்டில் சேர்த்துக்கொள்.' விரதத்தைக் கேள்வி கேட்கும் கவிதையை விரத நாளிலேயே, வயிறு காய்ந்த கூட்டத்துக்கு முன்னால் வாசித்தாக வேண்டும் என்று யாரோ முறை வகுத்திருக்கிறார்கள். அதற்குத் தைரியம் வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. சங்கீதம் மனப்பாடம் செய்யச் சொல்லலாமா? உங்கள் கிடாரிக் கதையைப் போன மாதமே கொஞ்சம் சொன்னீர்கள், அதனால் தயக்கம். (ஒரு தாய்)

பதில்: செய்யட்டும். சோற்றுத் தட்டை மட்டும் பிணையாக வைக்க வேண்டாம். 15ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள், ஐந்தே வசனம். 'உம் கூடாரத்தில் யார் தங்குவான்?' என்று கேட்கிறது. கோயிலுக்குப் போகிறவன் கேட்கிற கேள்வி. பதிலில் ஆடு, மாடு, தூபம் எதுவும் இல்லை. மனதறிய உண்மை பேசுகிறவன், புறங்கூறாதவன், வட்டிக்குக் கொடுக்காதவன் என்று போகிறது. நாலாம் வசனத்தில், 'தனக்கு நஷ்டம் வந்தாலும் கொடுத்த வாக்கை மாற்றாதவன்' என்று வரும். அவனை எங்காவது கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அந்த இடத்தில் ஒப்பிப்பதை நிறுத்திவிட்டு உங்களைப் பார்ப்பான்.